விண்ணப்பமும் கணக்கும்



சாத்தாங்காடு இரும்பு அங்காடியில் ஒரு கிடங்கில் நான் எழுத்தராயிருந்தேன். சங்கிலியில் கட்டித் தூக்கும் தகடுகள் நழுவித் தொழிலாளரின் கால்களைப் பதம் பார்த்தன. தகடு தூக்கும் கிளாம்புகள் ஆறு வாங்க வேண்டி நிர்வாகத்திற்கு எழுதினேன். மனமிரங்குக என்பதே அதன் சாரம். பதிலே இல்லை.

அண்ணல் அம்பேத்கர் அவ்வாறு எழுதியவரல்லர். 1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரான அவர், அக்டோபர் 29 அன்று லின்லித்கோ பிரபுவிடம் நம் மக்களுக்காக விண்ணப்பம் அளித்தார். அரசாங்கத்தின் உள்ளிருந்தே எழுந்த கோரிக்கை அது! காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்கும் அலிகாருக்கும் அரசு ஆண்டுதோறும் மும்மூன்று லட்சம் தருவதைக் காட்டி, அறிவியல், தொழில்நுட்பம் பயிலும் நம் மாணவர்க்கு உள்நாட்டுக் கல்விக்கு 2 லட்சம், வெளிநாட்டுக் கல்விக்கு 1 லட்சம் எனப் பிரித்துக் கேட்டார். இரக்கத்தை அவர் நம்பவில்லை. பிறர்க்குத் தருவதையே அளவுகோலாக்கினார். பட்டியல் வகுப்பினர்க்கான மத்திய அரசின் மேற்படிப்பு உதவித்தொகை 1944-இல் தொடங்கிற்று.

நானும் மீண்டும் எழுதினேன். காயத்தால் இழந்த வேலை நாட்கள், லாரிகள் காத்து நின்ற மணிகள், மூன்று கடைகளின் விலைப்புள்ளிகள், செலவு ஈடாகும் காலம் யாவும் குறித்தேன். மலிவான சரக்கை ஏன் தள்ளினேன் என்பதையும் மறைக்கவில்லை. மேலாளர் தாள்களைப் புரட்டி முதலில் தேடியது விலையைத்தான். ஆதலின் அதை முதற்பக்கத்திலேயே எழுதுங்கள்.

நான்கு கிளாம்புகள் வந்தன. எஞ்சிய இரண்டிற்கு மறுபடியும் எழுதினேன்.