திறப்பு விழாவுக்கு மறுநாள்



செங்காங்கில் தமிழர்களாகிய நமக்கென்று ஒரு சிறிய அரும்பொருளகம் வேண்டும் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் கேட்டார்கள். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். திறப்பு விழாவுக்கு மறுநாள் காலையில் அந்தக் கதவைத் திறக்கப்போவது யார்? அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் தொடங்கிய ஒரு காட்சிக்கூடத்தை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். நல்ல மனத்தோடு, ராத்திரி பகலாக உழைத்துத் தொடங்கியவர்கள் அவர்கள். மானியம் கிடைத்தது. கண்ணாடிப் பேழைகள் வந்தன, அழகான விளக்குகள் வந்தன, விளக்கப் பலகைகள் வந்தன. சிறப்பு விருந்தினர் வந்து நாடா வெட்டினார். கொஞ்ச காலம் நன்றாகவே நடந்தது. பிறகு ஈரப்பதம் உறிஞ்சும் இயந்திரம் பழுதானது. அதைச் சரிசெய்யக் கணக்கில் தனித்தொகை இல்லை. சாவி வைத்திருந்த தொண்டூழியருக்கு முழங்கால் வலி. அடிக்கடி வர முடியவில்லை. நான் போய்ப் பார்த்தபோது பழைய திருமணப் படம் ஒன்று சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மணமகளின் முகம் இருந்த இடத்தில் பளபளவென்று ஓர் ஈரத் தழும்பு. பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். பிரிக்காமல் விட்டால் பூஞ்சை தின்றுவிடும். அந்த அம்மாளின் குடும்பம் நம்பிக் கொடுத்த படம் அது.

நம் சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். பழைய காகிதமும் நிழற்படமும் நலமாக இருக்க வேண்டுமானால் அது 50, 55 அளவில் நிற்க வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலே இருப்பதுதான் ஒரு சிறிய அரும்பொருளகத்தின் மாதாந்தர மின்கட்டணம். அந்தக் கட்டணத்தைக் கட்டுவதாகச் சொல்லி யாரும் மாலை வாங்கிக்கொள்வதில்லை, யார் பெயரும் பலகையில் பொறிக்கப்படுவதில்லை.

நம் முன்னோர் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டும் என்று நினைத்தவர் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. 96 ஆடுகளைக் கொடுத்தார். அவற்றை இடையர் பொறுப்பில் ஒப்படைத்தார்கள். அந்த இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும், மந்தையின் எண்ணிக்கை குறையாது என்பது ஏற்பாடு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். இன்று நமக்குக் கிடைக்கும் மானியங்களில் பெரும்பாலானவை விளக்கு வாங்கக் கிடைப்பவை. நெய்க்கு நாம் என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்?

சிங்கப்பூரில் உதவி கிடைப்பதில்லை என்று இங்கே யாராவது சொன்னால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தேசிய மரபுடைமைக் கழகம் 1993ஆம் ஆண்டில் அமைந்தது. 1996ஆம் ஆண்டில் அது அரும்பொருளகங்களுக்கான வட்டமேசை அமைப்பைத் தொடங்கியது. அரசு, தனியார், சமூகம் நடத்துபவை என 50க்கும் மேற்பட்ட இடங்கள் இன்று அதில் உறுப்பியம் பெற்றிருக்கின்றன. 2013ஆம் ஆண்டில் மரபுடைமை மானியத் திட்டம் வந்தது. சிறிய முயற்சி என்றால் 30,000 வெள்ளி வரை, பெரிய முயற்சி என்றால் 150,000 வெள்ளி வரை, செலவில் பாதியை ஏற்றுக்கொள்ளும் திட்டமாக அது அறிமுகமானது. அதே ஆண்டில் 200 மில்லியன் வெள்ளியோடு கலாசார இணைநிதியை அறிவித்தார்கள். தகுதியுள்ள கலை, மரபுடைமை அறநிறுவனத்துக்கு நீங்கள் ஒரு வெள்ளி கொடுத்தால் அரசு ஒரு வெள்ளி சேர்க்கும். 2017ஆம் ஆண்டில் அந்த நிதிக்கு 150 மில்லியன், 2022ஆம் ஆண்டில் மறுபடியும் 150 மில்லியன் கொடுத்தார்கள். பொதுநலத் தகுதி பெற்ற அறநிறுவனத்துக்கு நன்கொடை கொடுப்பவருக்கு 250 விழுக்காடு வரிக்கழிவும் உண்டு.

ஆகவே பணம் இருக்கிறது. நம்முடைய சிறிய சங்கங்கள் அதன் பக்கத்தில் போக முடியாமல் நிற்பதற்குக் காரணம் வேறு. பாதிச் செலவை அவர்கள் கொடுத்தால் மீதிப் பாதி நம் கையில் இருக்க வேண்டும். இணைநிதி வேண்டுமானால் முறையாகப் பதிவுபெற்ற அறநிறுவனமாக இருக்க வேண்டும், தணிக்கை செய்த கணக்கு வேண்டும், நிர்வாகக் குழு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திட்ட மானியம் என்பது தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலைக்குக் கொடுப்பது. கண்காட்சி நடத்தலாம், நூல் போடலாம், குறும்படம் எடுக்கலாம். முடிந்ததும் அறிக்கை கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஒரு பொருளைப் பாதுகாப்பதற்கு அப்படி முடிவு தேதி கிடையாது.

இப்போது நம் வட்டாரத்துக்கு வருகிறேன். கங்கார் மீன்பிடி கிராமமும் மீன் சந்தையும் இருந்த இடம் இது. சுற்றிலும் ரப்பர் தோட்டம். இன்று கங்கார் என்பது எல்ஆர்டி ரயில் நிலையத்தின் பெயராக நிற்கிறது. இங்கே குடிவந்த தமிழர்கள் சிராங்கூன் ரோட்டிலிருந்தும், செம்பவாங் கடற்படைத் தளத்திலிருந்தும், சிலேத்தார் விமானத் தளத்துப் பக்கமிருந்தும் தங்கள் வீட்டுச் சாமான்களோடு வந்தவர்கள். அந்தச் சாமான்கள் இப்போது எங்கே? பாம் ஷெல்டருக்குள்ளே! வீட்டுக்குள் இருக்கும் அந்தக் காப்பறை, 1998க்குப் பிறகு கட்டிய வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் கட்டாயம். இரும்புக் கதவுக்குப் பின்னால் கிறிஸ்துமஸ் மரம், பழைய மின்விசிறி, தீபாவளிக் கோலத் தட்டு. அவற்றுக்கும் பின்னால் தாத்தாவின் தகரப் பெட்டி.

ரிவர்வேலில் ஓர் அம்மா அப்படி ஒரு பெட்டியைத் திறந்து எனக்குக் காட்டினார். அவருடைய அப்பா 1950களில் சிராங்கூன் ரோட்டு வட்டாரத்தில் வீடு வீடாகப் பால் ஊற்றியவர். உள்ளே ஒரு கணக்கு நோட்டு. மாதத்துக்கு ஒரு பக்கம். இடப்பக்கத்தில் வாடிக்கை வீடுகள்: கேம்பல் லேன் தையற்காரர், சந்தர் ரோடு வாத்தியார், மூலைக்கடைச் சீனர், மாடி வீட்டு மலாய்க்கார அம்மா. எதிரே அரைப்படி, கால்படி என்று அளவு. நாளுக்கு ஒரு கோடு, பால் வாங்காத நாளுக்கு ஒரு சுழி. ஒரு வீட்டில் திடீரென்று கால்படி அரைப்படியாக மாறுகிறது. அங்கே குழந்தை பிறந்திருக்கிறது என்று அந்த அம்மா சொன்னார். தீபாவளி வாரத்தில் எல்லா வீட்டிலும் அளவு கூடுகிறது. ஒரு தெருவே அந்த நோட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்துக்கொண்டிருக்கிறது.

“நான் போனதுக்கப்புறம் பிள்ளைங்க இதைத் தூக்கிப் போட்டுடுவாங்க தம்பி. யாராச்சும் வாங்கிக்குவாங்களா?” என்று கேட்டார்.

அந்த நோட்டுக்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பளிங்குத் தரை வேண்டாம், தொடுதிரை வேண்டாம். அதை விவரம் தெரிந்த ஒருவர் பக்கம் பக்கமாகப் படமெடுக்க வேண்டும். அந்த அம்மாவை உட்கார வைத்து, எந்த வீடு எது என்று கேட்டு எழுத வேண்டும். ஓர் எண் கொடுத்துப் பட்டியலில் ஏற்ற வேண்டும். அமிலமில்லாத தாளில் சுற்றி, பெட்டியில் வைத்து, ஈரம் ஏறாத அறையில் வைக்க வேண்டும். முக்கியமாக, கொடைப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து வாங்க வேண்டும். இந்தப் பத்திரத்தை நாம் அலட்சியமாக விட்டுவிடுகிறோம். “நம்ம அண்ணன் கொடுத்தாரு” என்று வாங்கி வைப்போம். இரவலா, நன்கொடையா என்று எழுத மாட்டோம். கொடுத்தவர் காலமான பிறகு அவருடைய மகன் வந்து திருப்பிக் கேட்பார். அவர் கேட்பதும் நியாயம்தான். அதோடு சங்கத்துக்கும் குடும்பத்துக்கும் பேச்சு நின்றுபோகும்.

கட்டடம் கட்டுவதற்கு முன்னால் பட்டியல் என்பது பெரிய இடங்களும் கடைப்பிடித்த வழி. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் துண்டுத்தாள்களையும் சேர்த்து வைத்தார். 1992ஆம் ஆண்டில் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது, ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. 1994ஆம் ஆண்டில் சென்னையிலேயே ஒரு நூலகமாக ஆக்கியது. அங்கே பட்டியலிடுவதும் நுண்படம் எடுப்பதும்தான் முதல் வேலையாக இருந்தன. அந்தப் பட்டியல் இருந்ததால் உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் வந்தார்கள். ஆய்வாளர்கள் வந்ததால் அடுத்த மானியம் கேட்க வலு வந்தது.

சொந்தக் கட்டடம் இல்லாமலே காரியம் நடந்ததற்கு நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கேம்பல் லேனில் 2015ஆம் ஆண்டு மே மாதம் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தில் நீங்கள் எல்லாரும் அந்தச் செட்டிநாட்டுக் கதவைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான சிறு சிற்பங்கள் செதுக்கிய நிலைக்கதவு. அந்தக் கதவைவிட நான் அங்கே மதிப்பது 2018ஆம் ஆண்டில் நடந்த மலாக்கா செட்டிகள் கண்காட்சியை. மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த சின்னஞ்சிறு சமூகம் அவர்கள். சிங்கப்பூரில் அவர்களுக்கென்று தனி அரும்பொருளகம் கிடையாது. ஆனாலும் அவர்களுடைய சங்கம் நிலையத்தோடு கைகோத்தது. வீட்டிலிருந்த நகை, உடை, படம் போன்றவை கண்ணியமான வெளிச்சத்தில் மக்கள் பார்வைக்கு வந்தன. அறை நிலையத்துடையது, பாதுகாப்பு நிலையத்துடையது, கதை அவர்களுடையது. செங்காங் தமிழருக்கும் அந்த வாசல் அடைத்துக் கிடக்கவில்லை.

வெளிநாட்டிலும் சிறிய இடங்களுக்கென்று தனி வழி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் வட்டாரத்துக்கு வட்டாரம் மேம்பாட்டு அலுவலர்கள் இருக்கிறார்கள். கலை மன்றத்தின் பணத்தில் இயங்கும் அவர்கள் ஒவ்வொரு சிறிய அரும்பொருளகமாகச் சுற்றி வந்து யோசனை சொல்கிறார்கள், சிறு மானியமும் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டில் ஒரு மதிப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. அனுபவமுள்ள ஒருவர் வந்து பார்த்து, கூரை ஒழுகுகிறது, பட்டியல் பாதியில் நிற்கிறது, நிர்வாகக் குழு கூடுவதில்லை என்று நட்போடு எடுத்துச் சொல்வார். எதை முதலில் சரிசெய்வது என்று தெரிந்த பிறகு பணம் கேட்பது எளிது.

இதிலிருந்துதான் என் யோசனை பிறக்கிறது. நம் சங்கங்கள் ஆளுக்கொரு காட்சிக்கூடம் கனவு காண்பதை நிறுத்தி, நாலைந்து சங்கங்கள் சேர்ந்து ஒரே விண்ணப்பம் போடுவோம். அந்த மானியத்தில் பேழை வாங்க வேண்டாம். பயிற்சி பெற்ற பட்டியலாளர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைப்போம். திங்களன்று ஒரு சங்கம், செவ்வாயன்று இன்னொரு சங்கம் என்று அவர் சுற்றி வரட்டும். ஈரமில்லாத பொது வைப்பறை ஒன்றை வாடகைக்கு எடுப்போம். மீதிப் பாதிப் பணம் நம்முடையது. அந்தப் பாதியை ஒரே ஒரு செல்வந்தரிடம் போய்க் கேட்காமல், மாதம் பத்து வெள்ளி என்று நூறு குடும்பங்களிடம் கேட்போம். ஆண்டுக்கு 12,000 வெள்ளி அது. சம்பளத்துக்கு அது போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நூறு குடும்பங்கள் மாதாமாதம் கொடுக்கின்றன என்று ஒரு விண்ணப்பத்தில் எழுத முடிந்தால், படிக்கும் அதிகாரி நிமிர்ந்து உட்காருவார்.

மானியம் கொடுப்பவர்களுக்கும் மரியாதையோடு ஒரு வேண்டுகோள். சிறிய அமைப்புகளுக்கு ஓராண்டுத் திட்டம் கொடுப்பதைவிட, ஐந்தாண்டுக்கு, ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும் தொகையாகக் கொடுங்கள். முதலாண்டில் பெரும்பங்கு உங்களுடையது, ஐந்தாமாண்டில் பெரும்பங்கு எங்களுடையது. இடைப்பட்ட காலத்தில் நாங்கள் சம்பாதிக்கக் கற்றுக்கொள்வோம்.

சம்பாதிப்பது என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. டெபோரா தியாகராஜன் 1984ஆம் ஆண்டில் சென்னைக் கைவினை அறக்கட்டளையைத் தொடங்கினார். 1996ஆம் ஆண்டில்தான் மக்களுக்குக் கதவு திறந்தது. இடையில் 12 ஆண்டு. மானியம் வாங்கித்தான் வளர்ந்தார்கள். ஆனால் நுழைவுச்சீட்டு, கைவினைக் கடை, விருந்தினர் விடுதி, பயிற்சி வகுப்பு, நிகழ்ச்சிகளுக்கு இட வாடகை என்று வருவாய்க்குப் பல வழி வைத்துக்கொண்டார்கள். ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று ஓடும். அவ்வளவு பெரிய இடம் நமக்கு வேண்டாம். பள்ளிகளுக்கு எடுத்துச்சென்று காட்டும் ஒரு பெட்டி போதும். பால்கணக்கு நோட்டின் நகல், ஒரு பித்தளைப் படி, நான்கு படங்கள், பத்துக் கேள்விகள். தமிழ் வகுப்புக்குக் கொடுத்து ஒரு சிறு கட்டணம் வாங்கலாம். அந்தப் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும், சந்தர் ரோடு வாத்தியார் வீட்டுக்கு மாதம் எத்தனை படி பால் போனது என்று.

வாசல் பக்கத்து மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். உங்கள் பாம் ஷெல்டரில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். பொருளை இன்று கொண்டுவர வேண்டாம், கொடுப்பதாக வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். பெயரும் தொலைபேசி எண்ணும் போதும். இங்கே வந்திருக்கும் சங்கச் செயலாளர்கள் யாரும் கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டாம். கூட்டு விண்ணப்பத்துக்கு யார் பொறுப்பு, கணக்கை யார் தணிக்கைக்குக் கொடுப்பது என்று இன்றைக்கே பேசி முடிவு செய்துவிடுவோம். தேநீர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.