ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தில்

சென்னை சாந்தோம் பேராலயத்தின் இன்றைய கட்டடம் 1896இல் எழுந்தது. அங்கே போர்ச்சுகீசியர் கட்டிய கோயிலோ 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

இத்தகைய பழமையான கத்தோலிக்கக் கோயில்களில் குடும்ப வரலாறு ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறது. குழந்தையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானப் பெற்றோர் எல்லாம் அதில் ஏறும். அதோடு முடிவதில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து சிங்கப்பூரில் மணம் முடித்தாலும், அங்கிருந்து தகவல் வந்து முதல் பதிவோடு சேர வேண்டும். இது திருச்சபைச் சட்டம். கடல் கடந்த கிளையைத் தேடும் பேரப்பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய துப்பு!

அப்பா பெயர் இனிஷியலாகச் சுருங்கி, தாத்தா பெயர் மறைந்தேபோகும் நம் வழக்கத்தில், அம்மாவின் பெயரையும் காப்பாற்றி வைக்கிறது இந்த ஏடு.

நேயர்களே, உங்கள் முன்னோர் கத்தோலிக்கர் என்றால், எந்தப் பங்குக் கோயில், ஏறக்குறைய எந்த ஆண்டு என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.