மழை வந்த பின்னும் அகலாத அச்சம்

(ஒகேனக்கல்லில் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் ஆற்றிய உரை)



காவிரியில் திடீரென வெள்ளம் பெருகக் கண்ட பரிசல்காரர், எண்ணிப் பார்த்தா துடுப்பைத் திருப்புகிறார்? எண்ணம் எழுமுன்னரே கை கரையை நாடிவிடுகிறது. இவ்விரைவில் பெரும்பங்கு, மூளையின் உட்புறம் வாதுமைப் பருப்பின் வடிவில் அமைந்த அமிக்டலா என்னும் பகுதிக்கு உண்டு. அச்சம் நமக்குக் காவல். யானைக்கு அஞ்சி இரவெல்லாம் கொல்லையில் கண்விழிப்போருக்கு இதை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயினும் காவலே ஓயாத தொல்லையாவதும் உண்டு. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜி என்னும் அறிஞரும் உடன் உழைத்தோரும் இதனை எலிகளிடத்தில் ஆராய்ந்தனர். நாள்தோறும் 2 மணி நேரம் வீதம் 10 நாட்கள், எலிகளை அசையவொட்டாது அடக்கி வைத்தனர். நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவிலோ கிளைகள் பெருகின! 2002-இல் இம்முடிவு வெளியாயிற்று. அத்தகைய எலிகள் திறந்த இடத்திற்கு வர அஞ்சி, சுவர் மறைத்த மூலையிலேயே ஒடுங்கின.

2004-இல் வெளியான ஆய்வு இதனினும் கருதத்தக்கது. 21 நாட்கள் ஓய்வளித்தால் ஹிப்போகாம்பஸின் சுருக்கம் சீராகிவிடுகிறது. அமிக்டலாவின் பெருக்கமோ அவ்வளவு ஓய்விற்குப் பின்னும் குறையவில்லை, அச்சமும் நீங்கவில்லை. ஒரே ஒரு முறை அடக்கப்பட்ட எலிக்கு, மறுநாள் அன்றி 10 நாட்கள் சென்ற பின்னரே அச்சம் தலைகாட்டியதும் 2005-இல் தெரியவந்தது.

எலியின் கணக்கை மனிதனுக்கு அப்படியே பொருத்தலாகாதுதான். எனினும், கிணறு வற்றிக் கடன் ஏறி இரு பருவம் இழந்த குடியானவர், மழை பெய்த பின்னும் உறக்கமின்றி, சிறு சொல்லுக்குச் சீறி, சந்தைக்கும் செல்லாது ஒதுங்கினால், "மழைதான் வந்துவிட்டதே, இன்னும் என்ன?" என்கிறோம். மண் நனைந்த அன்றே நரம்பணு தேறிவிடுமா? அவரைக் கோழை என்பது அறியாமை.

ஆகவே உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வறட்சி நிவாரணம் வழங்கியதோடு கடமை தீர்ந்ததென்று இராதீர்கள். யானையால் உயிர் போன வீட்டிற்குத் துக்கம் கேட்கச் செல்வது போலவே, சில வாரங்கள் கழித்தும் ஒரு முறை செல்லுங்கள். அவ்வீடுகளில் பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் வைக்கச் சொல்லுங்கள். உறக்கமின்மை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் திட்டத்தின் தொலைபேசி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடைச் சுவரிலும் இவ்வெண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.