கிணத்துத் தண்ணிக்குத் தக்க உள்ளி நடுவோம்



நம்ம மேலநீலிதநல்லூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை பெஞ்சாத்தான் கிணறு ஊறும். உள்ளிக்கு வேர் மேலாகத்தான் ஓடும். ஆழத்து ஈரத்தை எடுக்காது. காய் திரளுற நேரம் தண்ணி தவறினா, தாள் காஞ்சு காய் சுண்டைக்காயா நின்னுபோகும். அப்ப விலை ஏறினாலும் விக்க நம்மகிட்ட சரக்கு இருக்காது. விதை உள்ளிக்கு வாங்கின குழுக் கடன் தவணை மட்டும் மாசம் தவறாம வந்து நிக்கும்.

அதனால கடன் கேட்கும் முன்னாடி கிணத்தை எட்டிப் பாருங்க. ஒரு ஏக்கருக்குத் தண்ணி காணாதுன்னா அரை ஏக்கர் போதும். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு அரசு 100 சதவீத மானியம் கொடுக்கு. தோட்டக்கலை ஆபீஸ்ல அதையும் பயிர்க் காப்பீட்டையும் சேர்த்தே கேளுங்க.

நிலம் யார் பேருல இருந்தாலும் நடுறதும் களையெடுக்கறதும் நாமதான். எத்தனை சென்ட் நடணும்னு வீட்டில நாமளும் சொல்லணும்.