மூங்கில் பல்தூரிகையும் கொல்லாமையும்



திகம்பர முனிவர்க்குரிய 28 மூலகுணங்களுள் பல் துலக்காமையாகிய அதந்ததாவனமும் ஒன்று. இல்லறத்தார்க்கு அந்நோன்பு விதிக்கப்படவில்லை. எனினும், நாள்தோறும் வாயில் வைக்கும் பொருள் எவ்வாறு வந்தது, எங்கே போகிறது என்று எண்ணிப் பார்த்தல் சாவகர் கடமையாகும்.

நைலான் இழைத் தூரிகை 1938இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் மேனாட்டார் பெரும்பாலும் பன்றி மயிர்த் தூரிகையால் பல் துலக்கினர். நைலான் அவ்வழக்கத்தைப் போக்கியது. ஆனால் பிளாஸ்டிக் கைப்பிடி மக்காத குப்பையாய் மண்ணிலும் நீரிலும் தங்கிவிட்டது. மூன்று திங்களுக்கு ஒருமுறை மாற்றும் நால்வர் குடும்பம், ஆண்டுக்கு 16 தூரிகைகளை எறிகிறது.

இதற்கு மாற்றாக வந்ததே மூங்கில் தூரிகை. மூங்கில் புல்லினம், வெட்டிய பின்னும் வேர்க்கிழங்கிலிருந்து மீண்டும் முளைக்கும். ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கைப்பிடி மூங்கிலாயினும் இழை பெரும்பாலும் நைலானே. 'முற்றிலும் பிளாஸ்டிக் அற்றது' என்று விற்கப்படுவனவற்றுள் சில, பன்றி மயிர் பதித்தவை. மண்ணைக் காக்க முனைந்து கொல்லாமையில் வழுவுதல் தகுமோ?

ஆதலின், இழை யாதென்று உறையில் படித்தறிந்தே வாங்குதல் வேண்டும். நைலான் இழையுடைய மூங்கில் தூரிகையே சாவகர்க்கு ஏற்றது. தேய்ந்தபின் இழைகளைக் குறட்டால் பிடுங்கிக் குப்பையில் சேர்த்து, கைப்பிடியை எருக்குழியில் இடலாம்.

வீட்டிலுள்ள பிளாஸ்டிக் தூரிகைகளை இன்றே எறிந்துவிட வேண்டா. அவை தேயும்வரை பயன்படுத்துவதே மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்திற்கு இசைந்ததாகும்.

அறம் வளர்க!