பள்ளிச் சம்பளமும் பெண் கல்வியும்



ஆம்பூர், வாணியம்பாடி என்ற பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் தோலும் காலணியும் நம் நினைவுக்கு வருகின்றன. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து உருவான திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை இவ்வூர்கள். இங்குள்ள காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் ஏராளமாக உழைக்கின்றனர். வீட்டிலிருந்தே காலணியின் மேற்பகுதியைக் கையால் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் தாய்மாரும் உண்டு. அவர்தம் புதல்வியரின் பள்ளிச் சம்பளத்தைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விழைகிறேன்.

ஏழைப் பெண்களுக்கு ஊசியோடு எழுத்தையும் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. இத்தாலியில் மொர்னேசே என்னும் சிற்றூரில் மரிய மசரெல்லோ அம்மையார் தையல் பயிற்சியில் தொடங்கிய பணி, 1872-இல் ஒரு கன்னியர் சபையாக மலர்ந்தது. அச்சபையினர் 1922-இல் தஞ்சைக்கு வந்தனர். அதற்கும் முன்பே, 1842-இல், அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் கன்னியர் சென்னைக்கு வந்து பள்ளிகள் நிறுவினர். இத்தகைய கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிகளில் இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவச் சிறுமியர் ஒரே பலகையில் அமர்ந்து பயில்வதை நம் ஊர்களில் எங்கும் காணலாம்.

“அரசு உதவி பெறும் பள்ளியில் சம்பளம் ஏது?” என்று சிலர் வினவக்கூடும். நியாயமான கேள்விதான். அனுமதிக்கப்பட்ட இடங்களில் பணிபுரியும் ஆசிரியருக்கு அரசு ஊதியம் தருகிறது. நண்பகல் உணவும் பாடநூலும் தருகிறது. ஆனால் அதே வளாகத்தில் நடைபெறும் சுயநிதி ஆங்கில வழிப் பிரிவுகளுக்கு அந்த உதவி இல்லை. அங்கே ஆசிரியரின் ஊதியம் மாணவியர் செலுத்தும் கட்டணத்திலிருந்தே வர வேண்டும். தலைமையாசிரியை இரக்கப்பட்டு ஒரு பெண்ணின் சம்பளத்தைத் தள்ளுபடி செய்தால், அந்தக் குறையை வேறொருவர் தாங்கித்தான் ஆக வேண்டும்.

2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், கல்லூரி செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. முதலில் அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மட்டும் இருந்த அது, பின்னர் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்றோருக்கும் விரிந்தது. மிக நல்ல ஏற்பாடு, ஐயமில்லை. ஆயினும் அந்தக் கல்லூரி வாயிலை எட்டுவதற்கு முன் பன்னிரண்டாம் வகுப்பைக் கடக்க வேண்டுமல்லவா? இடறுகிற படி அதற்கு முன்னே இருக்கிறது.

பல ஆண்டுகள் வருகைப் பதிவேட்டைப் புரட்டியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். படிப்பை விடுகிற பெண் ஒரே நாளில் விடுவதில்லை. சம்பளம் கட்ட வேண்டிய நாளில் வர மாட்டாள். அடுத்த வாரம் இரண்டு நாள் வர மாட்டாள். கேட்டால் வயிற்று வலி என்பாள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தபின் கோடை விடுமுறையில் தொழிற்சாலைக்கோ, தாயின் தையலுக்குத் துணையாகவோ போவாள். ஜூன் மாதத்தில் வகுப்பில் ஓரிடம் காலியாக இருக்கும். உழைப்பு இழிவன்று, அந்தத் தாயின் உழைப்பே குடும்பத்தைக் காக்கிறது. ஆனால் பதினாறு வயதில் வேறு வழியின்றி அங்கே போவது வேறு. படித்துத் தேர்ந்தபின் தானே தெரிந்தெடுத்துப் போவது வேறு.

ஆதலால் உதவ நினைக்கும் அன்பர்களுக்கு, குறிப்பாக அப்பள்ளிகளில் பயின்று இன்று நல்ல நிலையில் இருக்கும் பழைய மாணவியருக்கு, மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, உதவி ஜூன் மாதத்திற்கு முன்பே பள்ளியைச் சேரட்டும். ஆண்டு விழாவில் தரும் காசோலை, மே மாதத்தில் நின்றுவிட்ட பெண்ணைத் திரும்ப அழைத்து வராது. இரண்டாவது, ஒரு பெண்ணுக்கு ஓராண்டு கொடுத்து நிறுத்தாமல், பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு ஓராண்டு கொடுப்பதினும் ஐவருக்கு ஈராண்டு கொடுப்பது மேல். மூன்றாவது, பெறுகிறவளை மேடையேற்றாதீர்கள். அவள் பெயர் பள்ளியின் கணக்கேட்டில் மட்டும் இருந்தால் போதும். ரசீது உங்களுக்கு வரட்டும். கூச்சம் அவளுக்கு வர வேண்டாம்.

பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். சம்பள பாக்கியை வகுப்பில் பெயர் சொல்லிப் படிக்காதீர்கள். பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். கொடையாளர் தந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் காட்டுங்கள். கணக்குத் தெளிவாக உள்ள இடத்தில் கொடை வற்றுவதில்லை.

வரும் ஜூன் மாதத்தில் ஏதேனும் ஒரு வகுப்பில் ஓர் இடம் காலியாகாமல் இருக்குமானால், அது உங்களில் ஒருவர் செய்த உதவியாக இருக்கட்டும்.