சமையல் மேடைக்கு எந்த சீலர்? அம்மாகிட்ட கேட்காம விட்ட ஒரு கேள்வி

வழக்கமா இங்க கோடு, கரியர், சம்பளம்னு பேசுவோம். இன்னைக்கு கான்கிரீட். நானே ஊத்தின ஒரு சமையல் மேடை, அதுல நான் பண்ண தப்பு, அதைச் சரி பண்ணப்போ கத்துக்கிட்டது. வீட்ல இது மாதிரி ஏதாவது செய்யணும்னு நினைக்கிறவங்க முழுசா கேளுங்க.

மதுரையில எங்க வீட்டு சமையலறையில இருந்தது பழைய கடப்பா கல். ஓரம் உடைஞ்சு போச்சு. கிரானைட் போட்டுடலாம்னு அப்பா சொன்னார். நான்தான் வீடியோ பார்த்துப் பார்த்து, "கான்கிரீட்ல நானே போடுறேன்"னு குதிச்சேன். வொர்க் ஃப்ரம் ஹோம் வேற, நேரம் இருந்துச்சு. 6 அடி நீளம், 2 அடி அகலம், 40 மில்லிமீட்டர் கனம். கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு சுமார் 2,400 கிலோ. கணக்குப் போட்டா இந்த ஒரு பலகையே 100 கிலோவைத் தாண்டும். நாலு பேர் சேர்ந்துதான் தூக்கி வெச்சோம். 28 நாள் கியூரிங் முடிஞ்சு, பாலிஷ் போட்டதும் சாம்பல் கலர்ல அவ்வளவு அழகா இருந்துச்சு.

அடுத்தது சீலர். கான்கிரீட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கு. அப்படியே விட்டா எண்ணெய், தண்ணி எல்லாத்தையும் குடிச்சிடும். அதனால மேல ஏதாவது பூசணும். நான் ஹார்டுவேர் கடையில போய், "தண்ணி இறங்கக் கூடாது"ன்னு கேட்டேன். சிலாக்சேன் வகை ஒண்ணு கொடுத்தாங்க. உள்ளே ஊறிப் போற டைப். பூசி, மறுநாள் தண்ணி தெளிச்சுப் பார்த்தா தாமரை இலை மாதிரி முத்து முத்தா நிக்குது. டெஸ்ட் பாஸ்னு சந்தோஷமா லேப்டாப்பைத் திறந்துட்டேன்.

மூணாவது நாள் அம்மா கூப்பிட்டாங்க. "டேய், இங்க வந்து பாரு." எலுமிச்சம்பழம் கவுத்து வெச்ச இடத்துல வட்டமா வெளிறிப் போயிருந்தது. கை வெச்சா சொரசொரன்னு இருக்கு. பக்கத்துல தாளிச்சப்போ தெறிச்ச மஞ்சள் எண்ணெய், மஞ்சளா இல்லாம செங்காவி நிறத்துல இருந்தது.

ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். சிமென்ட் தண்ணியோட சேர்ந்து இறுகும்போது உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு உருவாகும். அதாவது நீர்த்த சுண்ணாம்பு. சுண்ணாம்பு மேல புளிப்பு பட்டா அரிக்கும். எலுமிச்சையில சிட்ரிக் அமிலம், புளியில டார்டாரிக் அமிலம், தயிர்ல லாக்டிக் அமிலம். நம்ம சமையலே புளிப்புதானே! அப்புறம், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா சிவக்கும்னு ஆரத்தி கரைச்ச எல்லாருக்கும் தெரியும். என் மேடை மேல நடந்தது அதேதான்.

சிலாக்சேன் தண்ணியைத் தள்ளும். ஆனா மேல படலமா நிக்காது. அதனால மேற்பரப்புல இருக்கிற சுண்ணாம்பை அமிலம் நேரா தொடும். கடைக்காரர் மேல தப்பே இல்லை. நான் கேட்டதைத்தான் கொடுத்தார். கேள்விதான் தப்பு.

இதுவரைக்கும் டெக்னிக்கல் பிரச்சனை. உண்மையான பிரச்சனையை ஒரு வாரம் கழிச்சுதான் கவனிச்சேன். அம்மா மேடை மேல தினத்தாளை விரிச்சு, அது மேல ஒரு பழைய போர்வைத் துணியைப் போட்டு, அதுக்கு மேல சமைச்சிட்டு இருந்தாங்க. புளி கரைக்கிறதை சிங்க் பக்கம் குனிஞ்சு நின்னு செஞ்சாங்க. "ஏம்மா இப்படி?"ன்னு கேட்டேன். "நீ கஷ்டப்பட்டு செஞ்சது, வீணாப் போயிடக் கூடாதுல்ல."

சுருக்குன்னு இருந்துச்சு. அவங்க வேலை சுலபமாகணும்னு செஞ்ச பொருளை, அவங்க காவல் காத்துட்டு இருக்காங்க. முப்பது வருஷமா சமைக்கிறவங்க என் பொருளுக்குப் பயந்து சமைக்கிறாங்க.

சரி, முறையா செய்வோம்னு உட்கார்ந்தேன். மேடை ஊத்தினப்போ மிச்சமான கலவையில சின்னச் சின்ன துண்டு போட்டு வெச்சிருந்தேன். அஞ்சு துண்டுல அஞ்சு விதம். ஊறிப் போற சிலாக்சேன், அக்ரிலிக், எபாக்ஸி, ரெண்டு பாகம் கலக்குற பாலியூரித்தேன், எண்ணெயும் தேன்மெழுகும். ஒவ்வொண்ணு மேலயும் எலுமிச்சைச் சாறு, புளித் தண்ணி, மஞ்சள் கலந்த நல்லெண்ணெய் வெச்சு ராத்திரி முழுக்க விட்டேன். காலையில சூடான தோசைக்கல்லை ஒரு நிமிஷம் வெச்சேன்.

சிலாக்சேனுக்கு சூடு ஒண்ணுமே இல்லை, ஆனா புளிப்புல தோத்துச்சு. அக்ரிலிக் தோசைக்கல்லோட ஒட்டிக்கிட்டு உரிஞ்சு வந்துச்சு. எபாக்ஸியில ஒரு கறை கூட இல்லை, ஆனா சூட்டுல தடம் விழுந்தது. வெயில் படுற ஜன்னலோரம்னா அது நாளடைவுல மஞ்சளாகவும் ஆகும். மெழுகு பார்க்க ரொம்ப அழகு. ஆனா தேன்மெழுகு 60 டிகிரி சொச்சத்துலயே உருகிடும், புளிப்பையும் தாங்கலை. பாலியூரித்தேன்ல லேசா ஒரு மஞ்சள் நிழல், தோசைக்கல் வெச்ச இடத்துல மங்கலா ஒரு வட்டம். அவ்வளவுதான்.

ஆக, எல்லாத்தையும் தாங்குற சீலர் நான் வெச்ச அஞ்சுல இல்லை. புளிப்பைத் தாங்குற படலம் சூட்டுல அடி வாங்குது. சூட்டுக்கு அசராதது புளிப்புல விழுது. எதை விட்டுக் கொடுக்கிறதுன்னு குழம்பிட்டு, துண்டுகளை அம்மா முன்னாடி வெச்சேன். "சூடான பாத்திரம் வெச்சா இது கெட்டுடும்மா, அதான் யோசிக்கிறேன்"னு சொன்னேன்.

அம்மா சிரிச்சுட்டாங்க. "சூட்டோட பாத்திரத்தை நான் என்னைக்குடா நேரா மேடையில வெச்சிருக்கேன்? பிரிமணை எதுக்கு இருக்கு? எனக்குப் புளி சிந்தினா பயம் இல்லாம துடைக்கணும், அது போதும்."

ஒரே வாக்கியத்துல முடிஞ்சுது. ஆபீஸ்ல யூசர்கிட்ட பேசாம ஃபீச்சர் எழுதாதீங்கன்னு ஜூனியர்களுக்கு கிளாஸ் எடுக்கிற ஆள் நான். வீட்ல இருக்கிற ஒரே யூசர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டதும் பாலியூரித்தேன்தான்னு முடிவாச்சு.

நீங்க செய்யப் போறீங்கன்னா சில விஷயம். ஒண்ணு, சிலாக்சேன் ஏற்கனவே ஊறின பரப்புல படலம் சரியா ஒட்டாது. நான் மேல் தோலை வைரப் பேடு போட்டுத் தேய்ச்சு எடுத்தேன். தண்ணி விட்டுத்தான் தேய்க்கணும். அந்தத் தூசியில சிலிக்கா இருக்கு, நுரையீரலுக்குக் கேடு, மாஸ்க் கட்டாயம். தண்ணியும் கரன்ட்டும் சேர்ற வேலை, அதனால தண்ணி விட்டு ஓட்டுறதுக்குன்னே வர்ற மெஷினை வாடகைக்கு எடுங்க, லைன்ல ட்ரிப்பர் இருக்கணும். ரெண்டு, ஈரம் முழுசா காயணும். ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. அடியில வியர்த்திருந்தா இன்னும் காயலைன்னு அர்த்தம். மூணு, பாலியூரித்தேன் ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கும், ஆஸ்துமாவைக் கிளப்பும். அம்மாவை நாலு நாள் சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டேன். ஜன்னல் எல்லாம் திறந்து வெச்சு, ரசாயன ஆவிக்குன்னே இருக்கிற மாஸ்க் போட்டு வேலை பார்த்தேன். தூசிக்குப் போடுற மாஸ்க் இதுக்குப் பத்தாது. மெல்லிசா ரெண்டு கோட்டு. டின்ல எத்தனை நாள் காயணும்னு போட்டிருக்கோ அத்தனை நாள் காத்திருங்க, அதுக்கு முன்னாடி சாப்பாட்டுப் பொருள் படக் கூடாது. நாலு, காய் நறுக்க எப்பவும் பலகை. படலத்துல கத்தி கீறினா அந்தக் கீறல் வழியா கறை இறங்கும்.

அப்புறம், இது ஆயுசுக்கும் நிக்காது. சில வருஷத்துல லேசா தேய்ச்சு மறுபடி பூசணும். அந்தப் பராமரிப்பு முடியாதுன்னா கிரானைட்டே போடுங்க, தப்பே இல்லை. கடப்பா கல் கூட ஒரு வகை சுண்ணாம்புக் கல்தான். எங்க பழைய மேடையிலயும் எலுமிச்சை பட்ட இடம் மங்கித்தான் இருந்துச்சாம். அம்மாவுக்கு அது முதல்லயே தெரியும். நான் கேட்கலை, அவங்க சொல்லலை.

இப்போ தினத்தாளும் இல்லை, துணியும் இல்லை. போன வாரம் போனப்போ மேடையிலயே கிண்ணத்தை வெச்சுப் புளி கரைச்சிட்டு இருந்தாங்க. ஓரமா சிந்துச்சு. பேசிக்கிட்டே புடவைத் தலைப்பால துடைச்சாங்க. என்னைப் பார்க்கவே இல்லை.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும், யாருக்காக ஏதாவது செஞ்சாலும் முதல்ல அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.